லிமா பள்ளத்தாக்கு லொரெய்ரோ: புளிப்புக்குப் பயப்படாதவர்களுக்கு ஒரு வெள்ளை ஒயின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஒயின் புளிக்கும். இனிப்பு துளிகூடக் கிடையாது. திராட்சைக்குச் சமமாகச் சர்க்கரை கொட்டி, கிராம்பும் பட்டையும் போட்டு, பரணியில் ஊறவைத்து, கிறிஸ்துமஸ் கேக்கோடு சின்னக் கிளாஸில் கொடுப்பார்களே, அதுதான் ஒயின் என்று நினைப்பவர்கள் எங்கள் குமுளியில் நிறையப் பேர். அவர்களுக்கு இதை ஊற்றிக் கொடுத்தால் முகம் கோணும். என் நாத்தனாருக்குக் கோணியது. "பிஞ்சுத் திராட்சையைக் கடிச்ச மாதிரி இருக்கு மதினி" என்று டம்ளரைத் தள்ளிவைத்துவிட்டார். மிச்சத்தை நான் குடித்தேன்.

பாட்டிலின் பெயர் அஃப்ரோஸ் லொரெய்ரோ. அஃப்ரோஸ் என்பது தயாரிப்பாளர், லொரெய்ரோ என்பது திராட்சை ரகம். ஊர் போர்த்துகலின் வடமேற்கு மூலை. மின்யோ என்கிற மழைநாடு அது. அங்கே வின்யோ வெர்டே என்று 1908இல் எல்லை வகுத்த ஒயின் பகுதி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒன்பது உட்பகுதிகள். வெளியுலகத்தில் கொஞ்சம் புகழ் பெற்றிருப்பது ஸ்பெயின் எல்லையை ஒட்டிய மொன்சாவ்ங் பக்கத்தில் அல்வரின்யோ என்ற திராட்சையில் செய்யும் ஒயின்தான். அதற்குத் தெற்கே லிமா ஆறு ஓடும் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. லொரெய்ரோவின் சொந்த ஊர் அந்தப் பள்ளத்தாக்கு. வாஸ்கோ க்ராஃப்ட் என்கிற கட்டடக் கலைஞர் தன் குடும்பத்து நிலத்தை எடுத்து, உயிராற்றல் வேளாண்மைக்கு (பயோடைனமிக் என்பார்கள், கொம்பு உரமும் நிலா நாளும் பார்த்துச் செய்யும் இயற்கை விவசாயம்) மாற்றி, இந்த ஒயினைச் செய்கிறார்.

என் தம்பி மகன் பிராகா நகரத்தில் வேலை பார்க்கிறான். லிமா அங்கிருந்து பக்கம். வெளிநாட்டிலிருந்து வருபவர் ஆளுக்கு இரண்டு லிட்டர் மதுவரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்பதால், இரண்டு பாட்டிலைப் பெட்டிக்குள் துணியில் சுற்றி, கொச்சியில் இறங்கி, மலையேறி வந்து சேர்ந்தான். "அத்தை, உங்க வீட்டுக்கு வர்ற வெள்ளைக்காரங்க குடிக்கிறதை விட இது நல்லாயிருக்கும்" என்றான். தேக்கடிக்குப் போகும் வழியில் எங்களுக்கு நாலு அறை ஹோம்ஸ்டே. நாங்கள் மது விற்பதில்லை, பரிமாறுவதும் இல்லை. வருபவர்கள் தங்கள் பாட்டிலைத் திறந்தால் சமைத்தவளுக்கும் ஒரு கிளாஸ் நீட்டுவார்கள். எனக்கு ஒயின் பழக்கம் அப்படி வந்ததுதான். அதோடு, மலையிறங்கினால் சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டுக்காரருக்குப் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. அதனால் எந்த ஒயினைக் குடித்தாலும் பாதி மனசு கிளாஸில் இருக்கும், பாதி தோட்டத்துக்குப் போய்விடும். இந்த விமர்சனமும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்திலிருந்தே தொடங்கலாம். மின்யோவில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மலைகள் தடுத்துக் கொட்டவைக்கின்றன. ஐரோப்பாவில் திராட்சை போடும் ஊர்களில் இவ்வளவு நனைகிற இடங்கள் அதிகம் இல்லை. அந்தக் காலத்தில் அங்கே கொடியை மரத்தில் ஏற்றிவிடுவார்களாம். வயல் ஓரத்து மரங்களில் திராட்சை, நடுவில் மக்காச்சோளமும் அவரையும். ஏணி வைத்துப் பறிக்க வேண்டும். தம்பி மகன் அந்தப் படத்தைக் காட்டியபோது நான் வண்டன்மேடு பக்கத்துத் தோட்டம் என்றே நினைத்தேன். முருக்கு மரத்திலும் சில்வர் ஓக்கிலும் மிளகுக்கொடி ஏறி நிற்குமே, அதே காட்சி. அப்புறம் கல்தூண் நட்டுப் பந்தல் போடும் முறையும் அங்கே உண்டு, கம்பத்துப் பந்தல் மாதிரியே. நம் ஊரில் பந்தல் போடுவது வெயிலுக்கு. இலைக் கூரைக்குக் கீழே குலை வெந்துபோகாமல் தொங்கும். அவர்கள் போட்டது ஈரத்துக்கு. கொடி தரையிலிருந்து எழும்பினால் காற்றோட்டம் கிடைக்கும், கீழே இன்னொரு வெள்ளாமையும் வைக்கலாம். இப்போது பெரும்பாலும் தாழ்வான கம்பி வரிசைகளுக்கு மாறிவிட்டார்கள்.

லிமா ஆற்றைப் பற்றி ஒரு கதை உண்டு. அதைக் கடந்தால் எல்லாம் மறந்துபோகும் என்று நம்பி ரோமானியச் சிப்பாய்கள் தண்ணீரில் கால் வைக்க மறுத்தார்களாம். தளபதி தான் முதலில் கடந்து, அக்கரையில் நின்று ஒவ்வொருவனையும் பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் படை இறங்கியதாம். ஒயினுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நன்றாக இருந்ததால் சொன்னேன்.

இப்போது புளிப்புக்கு வருகிறேன். திராட்சையில் இரண்டு அமிலங்கள் முக்கியம், டார்டாரிக், மாலிக். பழம் பழுக்கும்போது வெயில் கடுமையாக இருந்தால் மாலிக் அமிலத்தைச் செடியே எரித்துத் தீர்த்துவிடும். இரவு குளிர்ந்தால் அது பழத்திலேயே தங்கும். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க அறுவடையாகிறது. கவாத்து செய்கிற நாளை மாற்றி மாற்றி வைத்தால் போதும், கொடிக்கு உறக்கமே கிடையாது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்த வருஷம் முழுக்க அறுவடைதான் பெருமையாகப் பேசப்பட்டது. தின்னும் பழத்துக்கு அது வரம். இப்படி நறுக்கென்ற வெள்ளை ஒயினுக்கு அந்தச் சூடு ஆகாது. மின்யோவில் கொடி குளிர்காலத்தில் தூங்கும், வருஷத்துக்கு ஒரே அறுவடை, செப்டம்பர் வாக்கில். பழம் மெதுவாகப் பழுத்து, சர்க்கரை அளவாக ஏறி, அமிலம் குறையாமல் வரும். இந்தப் பாட்டிலில் ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டித்தான். இரண்டு கிளாஸ் குடித்தும் தலை நேராக நின்றது.

சரி, உயிராற்றல் வேளாண்மை. இதை லேபிளில் பார்த்ததும் எங்கள் வீட்டுக்காரர் சிரித்தார். கொம்பு சாண உரம் அவருக்குப் புதிதில்லை. இயற்கை விவசாயப் பயிற்சிகளில் சொல்லித் தருகிற விஷயம்தான். ஈன்ற பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்துவைத்து, எடுத்து, ஏக்கருக்கு 25 கிராம் போலத் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கம் சுழல விட்டு, நடுவில் குழி விழுந்ததும் மறுபக்கம் திருப்ப வேண்டும். இதை எண்களால் சொல்வார்கள், இது 500. குவார்ட்ஸ் என்கிற கண்ணாடிக்கல்லின் மாவைக் கொம்பில் அடைத்துக் கோடையில் புதைப்பது 501. இவை போக எருக்குழியில் போடும் மூலிகைத் தயாரிப்புகள் 502இலிருந்து 507 வரை. எல்லாம் ருடால்ஃப் ஸ்டைனர் என்கிற ஆஸ்திரிய தத்துவக்காரர் 1924 ஜூனில், இப்போது போலந்தில் இருக்கும் கோபெர்விட்ஸ் என்ற ஊரில் நடத்திய எட்டு சொற்பொழிவுகளிலிருந்து வந்தவை. மனிதர் விவசாயியும் இல்லை, மதுவை ஆதரித்தவரும் இல்லை. அடுத்த ஆண்டே இறந்துபோனார். இன்றைக்கு அவர் பேரைச் சொல்லி ஒயின் விற்கிறார்கள்.

"கொம்பு புதைக்காமலே நம்ம பந்தல்ல காய்க்கலையா?" என்று இவர் கேட்டார். கேள்வி நியாயம்தான். கலிஃபோர்னியாவில் மெர்லோ ரகத் திராட்சைத் தோட்டம் ஒன்றைப் பிரித்து, பாதியில் சாதாரண இயற்கை முறையும் பாதியில் உயிராற்றல் முறையும் வைத்துப் பார்த்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. மண்ணிலும் விளைச்சலிலும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் இல்லை. நிலா நாள் பார்ப்பதும் அப்படித்தான். விதைக்க, கவாத்து செய்ய, பாட்டிலில் நிரப்ப, எல்லாவற்றுக்கும் அவர்களிடம் ஒரு பஞ்சாங்கம் உண்டு. நம் தினசரிக் காலண்டரில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் என்று போட்டிருக்குமே, கிழங்கு நட கீழ்நோக்கு நாள் பார்ப்பார்களே என் மாமியார், அதன் ஐரோப்பியச் சித்தப்பா. கேலிக்குச் சொல்லவில்லை. நாள் பார்த்து வேலை செய்கிறவன் தோட்டத்துக்கு அடிக்கடி போவான், இலையைத் திருப்பிப் பார்ப்பான். எனக்கு அந்த அளவுக்கு நம்பிக்கை உண்டு, அதற்கு மேல் இல்லை.

ஆனால் இவரே சிரிப்பை நிறுத்திய இடம் ஒன்று இருந்தது. "இவ்வளவு மழையில மருந்து என்ன அடிக்கிறானுங்க?" என்றார். திராட்சை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்விதான் முதலில் வரும். இலை நனைந்து காயாமல் இருந்தால் அடிச்சாம்பல் நோய் வந்துவிடும். பூ எடுக்கும் நேரத்தில் வந்தால் அந்தப் போகமே போச்சு. கம்பத்தில் மேகமூட்டமாக நாலு நாள் இருந்தாலே தெளிப்பான் சத்தம் பந்தல் பந்தலாகக் கேட்கும். அமெரிக்காவிலிருந்து போன இந்த நோயை ஐரோப்பாவில் முதலில் கண்டது 1878இல், பிரான்சில். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை அதற்கு மருந்து என்று 1885இல் அங்கேதான் கண்டுபிடித்தார்கள். இடுக்கியில் மழைக்காலத்துக்கு முன்பு மிளகுக்கும் ஏலத்துக்கும் நீலமாக அடிக்கிறோமே, துரிசு என்று மலையாளிகள் சொல்வது, அதேதான்.

உயிராற்றல் தோட்டக்காரருக்குச் செடிக்குள் ஊடுருவும் ரசாயன மருந்து எதுவும் கூடாது. செம்பும் கந்தகமும் மட்டும் அளவோடு அனுமதி. செம்பு மண்ணிலேயே தங்கி மண்புழுவைப் பாதிக்கும் என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெக்டேருக்கு ஏழு ஆண்டில் 28 கிலோவுக்கு மேல் போடக் கூடாது. உயிராற்றல் வேளாண்மைக்குச் சான்று தரும் டெமீட்டர் அமைப்பின் முத்திரை வேண்டுமென்றால் இன்னும் இறுக்கம், ஆண்டுக்குச் சராசரி 3 கிலோ. மருந்தை மழை கழுவிவிட்டால் திரும்ப அடிக்கவேண்டும், அடிக்க அடிக்கக் கணக்கு ஏறும். அப்போது மீதி இருப்பது கைவேலைதான். குலையைச் சுற்றி இலை கிள்ளுவது, காற்று போக வழி செய்வது, கொடியை நெருக்காமல் விடுவது. வெயில் காயும் ஊரில் இந்த முத்திரை வாங்குவது பெரிய காரியம் இல்லை. மின்யோவில் வாங்கியிருப்பது பெரிய காரியம். பாட்டிலில் எனக்கு மரியாதை வந்தது கொம்பினால் இல்லை, இதனால்.

குடித்த கதைக்கு வருவோம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதீர்கள். அந்தச் சில்லிப்பில் மணம் எழாது, புளிப்பு மட்டும் முன்னால் வந்து நிற்கும். எடுத்து ஒரு கால் மணி நேரம் வெளியே வைத்து, எட்டு பத்து டிகிரிக்கு வந்ததும் ஊற்றலாம். குமுளிக் குளிரில் கொஞ்சம் கூடுதலாகவே வைக்க வேண்டியிருந்தது. நிறம் வெளிர் மஞ்சள், விளிம்பில் பச்சை. மூக்கில் முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு பச்சை ஆப்பிள், ஒரு வெள்ளைப்பூ வாசனை, கசக்கிய பிரிஞ்சி இலை. அதற்கெல்லாம் முன்பே எனக்குத் தோன்றியது தனியா. புதுத் தனியாவை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தால் வருகிற மணம். "ஒயின்ல மல்லியா?" என்று தம்பி மகன் சிரித்தான். சிரிக்க ஒன்றுமில்லை. தனியா எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல் என்கிற வாசனைப் பொருள். லொரெய்ரோவின் பூமணத்துக்கும் அதுவே முக்கியக் காரணம். நம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் ரகம், மஸ்கட் குடும்பத்துக்கே அந்த லினலூல் சொத்து உண்டு. சுருளிப்பட்டிப் பந்தலுக்குள் பழுத்த நேரத்தில் நுழைந்தால் வரும் வாசனையில் ஒரு நூல் இந்தக் கிளாஸிலும் இருந்தது. இவர் முகர்ந்து பார்த்து ஒத்துக்கொண்டார்.

வாயில் வைத்ததும் நாக்கின் இரண்டு ஓரமும் ஊறும். நடுவில் மெலிசு. கடைசியில் லேசாக உப்பு மாதிரி ஒரு சுவை. இதைத்தான் விவரம் தெரிந்தவர்கள் கிரானைட் மண்ணின் சுவை என்று எழுதுகிறார்கள். வேர் கல்லைக் கரைத்துச் சுவையாக மேலே அனுப்புவதில்லை. அந்த மண் தண்ணீரைச் சீக்கிரம் வடித்துவிடும், அந்த மழைக்கு அது பெரிய உதவி, அவ்வளவுதான். பெரிய கம்பெனிகள் விற்கும் மலிவான வின்யோ வெர்டேயில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றி நாக்கில் சுருசுருக்க வைப்பார்கள், கொஞ்சம் இனிப்பும் விட்டு வைப்பார்கள். என் வீட்டு விருந்தினர் ஒருவர் கொண்டுவந்ததை ஒருமுறை குடித்திருக்கிறேன். சோடா குடித்த திருப்தி. இதில் அந்த ஒட்டுவேலை இல்லை, புளிப்பே தனியாக நின்று பேசுகிறது.

தனியாகக் குடிப்பதற்கான ஒயின் இல்லை இது. சாப்பாடு கேட்கும். கோட்டயம் பக்கமிருந்து மலையேறி வரும் மீன் வண்டியில் அன்று நெய் கட்டிய மத்தி. மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறைத்து, பச்சை மிளகு அரைத்துப் பூசி, கல்லில் முறுகலாக எடுத்தேன். மத்தியின் எண்ணெய் வாயில் படிய, ஒரு மடக்கு இதைக் குடித்தால் படிந்தது அத்தனையும் துடைத்துக்கொண்டு போகிறது. அடுத்த மத்திக்கு வாய் புதிதாகிவிடுகிறது. போர்ட்டோவில் ஜூன் 23 இரவு புனித யோவான் திருவிழாவில் தெருவெல்லாம் மத்தி சுடுவார்களாம். அது வேறு மத்தி, ஆனால் கொழுப்பு கொழுப்புதான். மிளகாயை ஏன் குறைத்தேன் என்றால், மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் ஏற்றிவிடும். 12 சதவீதம் என்பதால் இது சமாளிக்கிறது, 14 சதவீத ஒயினாக இருந்தால் வாய் எரியும். மிளகின் காரம் அந்த அளவு சண்டை போடுவதில்லை.

நேந்திரங்காய் சிப்ஸோடு இன்னும் நன்றாக இருந்தது. தேங்காய் எண்ணெய், உப்பு, இந்தப் புளிப்பு. அன்றைக்குச் சிப்ஸ் பொட்டலம் ஒயினுக்கு முன்பே தீர்ந்தது.

குடம்புளி போட்ட மீன்கறியும் கப்பையும் வைத்துப் பார்த்தேன். எனக்கு மிகவும் பிடித்த சாப்பாடு, இதற்குச் சரிவரவில்லை. சாப்பாடு ஒயினைவிடப் புளித்தால் ஒயின் தண்ணீராகிவிடும். குடம்புளிக்கு முன்னால் லிமா நதியே ஓடி ஒளிந்தது. பீஃப் உலர்த்தியதோடும் வேண்டாம், மசாலா அமுக்கிவிடுகிறது. தேங்காய்ப்பாலில் செய்த மீன் மோலியோடு பரவாயில்லை. இவர் தயிர்சாதமும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்துக்கொண்டு குடித்தார். அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

குறைகளும் உண்டு. சுவை சீக்கிரம் முடிந்துபோகிறது, விழுங்கிய பிறகு நீண்டு நிற்பதில்லை. பெரிய ஒயின்களைக் குடித்துப் பழகியவர்கள் "இவ்வளவுதானா" என்பார்கள். திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தேன், மறுநாள் பூமணம் பாதி போய்விட்டது. புளிப்பு மட்டும் அசையவில்லை. இரண்டு பேர் இருந்தால் அன்றே முடித்துவிடுவது மேல். பல வருஷம் எடுத்துவைத்து அழகுபார்க்கவும் இது ஏற்றதில்லை என்பது என் அபிப்பிராயம். இளசாக இருக்கும்போது குடிக்க வேண்டியது.

விலை அங்கே பதினைந்து யூரோவுக்குள் என்றான். அந்தக் காசுக்குத் தாராளமாகத் தகும். இங்கே வாங்குவதென்றால் கணக்கு வேறு. வெளிநாட்டு ஒயினுக்கு நெடுங்காலமாக 150 சதவீத சுங்கவரி, அதற்கு மேல் மாநில வரி. அந்த விலைக்கு இந்த மெலிசான ஒயினை வாங்கச் சொல்லமாட்டேன். குமுளிப் பக்கத்து பெவ்கோவில் (கேரள அரசு மதுக்கடை) இதை நான் பார்த்ததும் இல்லை. புளிப்பான வெள்ளை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள மட்டும் ஆசையென்றால் நாசிக்கில் செய்யும் சூலா சோவிஞ்ஞோன் ப்ளாங் போதும், கடையிலேயே கிடைக்கும். அதில் புல்லும் பச்சைமிளகாயும் மணக்கும், வாயில் கொஞ்சம் கனமாக நிற்கும். தனியா மணம் அதில் கிடைக்காது. போர்த்துகலில் சொந்தக்காரர் இருப்பவர்கள் லேபிளில் லொரெய்ரோ, லிமா என்ற இரண்டும் இருக்கிறதா, வருஷம் புதியதா என்று பார்த்து வாங்கிவரச் சொல்லுங்கள். பெட்டியில் வைக்கும்போது நடுவில் வைக்கச் சொல்லுங்கள்.

இதே தோட்டத்தில் மண்ஜாடியில் வைத்துச் செய்யும் ஃபௌனுஸ் என்ற வரிசையும் உண்டு. லொரெய்ரோவையே தோலோடு ஊறவிட்டுச் செய்வது. அடுத்த முறை அதில் ஒன்று, இதில் ஒன்று என்று தம்பி மகனிடம் சொல்லியிருக்கிறேன். மத்தி விலை ஏறியிருக்கிற மாதத்தில் டிக்கெட் போட்டுவிடாதே என்றும் சொல்லியிருக்கிறேன்.